பொதுநல விண்ணப்பமும் அதனைப் பயிலும் முறையும்

“பெட்டிசம்” என்னுஞ் சொல் நம்மவரிடையே நற்பெயர் பெற்ற சொல்லன்று. அயலவன் மதிலை ஓரடி தள்ளிக் கட்டினான் என்றும், இன்ன ஆசிரியர் பிந்தி வருகிறார் என்றும், பெயரிடாது எழுதி மேலிடத்துக்கு அனுப்பப்படும் கடிதமே பெட்டிசம் எனப் பொதுமக்கள் கருதுவர். ஒருவனைப் “பெட்டிசக்காரன்” என்றழைத்தல் அவனை வைதலுக்கு ஒப்பாகும். ஆயினும் இச்சொல்லின் பிறப்பிடம் கண்ணியமானது. ஆளப்படுவோர் தம் குறையை எழுத்தில் வைத்து ஆள்வோரிடம் பரிகாரங் கோரும் உரிமையையே ஆங்கில நாட்டு வழக்கில் அது குறித்தது. உரிமை கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனைக் கையாளுங் கல்வி உடன்வந்து சேரவில்லை. அக்கல்வியைப் பற்றியே இக்கட்டுரையிற் சில கூறக் கருதுகின்றேன்.

இக்குறை பேச்சுவன்மைக் குறைவால் வந்ததென எவருங் கூறார். பேச்சுவன்மையில் நமது இந்துக் கல்லூரிகள் எவர்க்கும் பின்னிற்பனவல்ல. 1889 ஆம் ஆண்டிலே ‘இந்து சாதனம்’ பத்திரிகையைத் தொடங்கிய சைவ பரிபாலன சபையார் மறு ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரியை நிலைநிறுத்திய காலந்தொட்டு, நாவும் எழுதுகோலும் நம் கல்விக்கு இரு கண்களாகவே போற்றப்பட்டு வந்துள்ளன. தமிழ் மன்றங்களும் விவாத அரங்குகளும் உயர்தர மாணவர் ஒன்றியங்களும் நாவன்மை மிக்கோரைத் தலைமுறை தலைமுறையாக நாட்டுக்கு அளித்துள்ளன. குறை யாதெனில், நாம் பயின்ற பேச்சு மேடைக்குரிய பேச்சாய் அமைந்தமையே. மேடையின் முன் இருப்போர் ஆயிரவர். அவருள் முடிவு செய்யும் அதிகாரமுடையோர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். அலுவலகத்தின் மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒருவர். முடிவு அவர் கையொப்பத்தில் இருக்கின்றது. மேடையிலே உணர்ச்சியை எழுப்புதல் வெற்றி. மேசையிலோ, “இதனைச் செய்யலாம், செய்தால் எனக்கு இடர் வராது, செய்வதற்கு எனக்கு அதிகாரமும் உண்டு” என்று அந்த ஒருவர் எண்ணுமாறு செய்தலே வெற்றி. ஒன்றிற் பயின்றவர் மற்றொன்றில் தாமாகவே தேர்ச்சி பெற்றுவிடுவார் என நாம் நம்பியிருந்தோம். நமது சரித்திரம் அந்நம்பிக்கைக்கு முழு ஆதரவு தரவில்லை.

மூன்று நிகழ்ச்சிகளை நோக்குவோம்.

1883 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தரின் ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. குற்றஞ் செய்தோர் எவரும் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர்கள் 1884 இல் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்துக் கேணல் ஒல்கொட்டை இலண்டனுக்கு அனுப்பினர். அவர் அங்கே பொதுக்கூட்டங்களில் முழங்குவதை முதன்மையாகக் கொள்ளாது, குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான டார்பி பிரபுவிடம் எழுத்து மூலமாகச் சில கோரிக்கைகளை வைத்தார். குற்றவாளிகளை விசாரித்தல், வெசாக் பூரணையை விடுமுறையாக்குதல், பௌத்த விவாகப் பதிவாளர்களை நியமித்தல் என அவை ஒவ்வொன்றும் செய்யத்தக்க ஒரு செயலைச் சுட்டி நின்றன. முதலாவது கோரிக்கை நிறைவேறவில்லை. ஆயின் 1885 இல் ஆளுநர் சேர் ஆதர் கோடன் வெசாக் தினத்தை விடுமுறையாகப் பிரகடனஞ் செய்தார். சட்டநிரூபண சபையில் அப்போது தமிழர் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதனும் அவ்விடுமுறைக்காக வாதாடினார். “எங்களுக்கு நீதி வேண்டும்” என்ற ஒரே கோரிக்கை மட்டும் அனுப்பப்பட்டிருப்பின், அனுதாபக் கடிதமொன்று விடையாக வந்திருக்கும். ஓர் ஆளுநர் தம் கையெழுத்தால் தரக்கூடிய ஒன்று அப்பட்டியலில் இருந்தமையால் அதுவேனுங் கிடைத்தது.

இரண்டாவது, 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றியது. சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டும், விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டும் நாடு அஞ்சிக் கிடந்த வேளையில், சட்டசபையிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாயிருந்த சேர் பொன். இராமநாதன் அவர்களுக்காகக் குரலெழுப்பினார்; போர்க்காலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். இரகசிய ஆவணமொன்றைச் சப்பாத்தினுள் மறைத்துக்கொண்டு சென்ற ஈ. டபிள்யூ. பெரேராவின் கதையை நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பர். கதை சுவையானதுதான். ஆனால் விண்ணப்பக் கலையைப் பயில்வோர் கருத்தூன்ற வேண்டியது இராமநாதன் 1916 இல் இலண்டனில் வெளியிட்ட நூலையே. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னது நடந்தது என்று வகுத்துக் காட்டும் ஆவணத் தொகுதி அது. ‘கொடுமை’ என்ற சொல்லை நூறுமுறை எழுதுவதிலும், ஒரு கொடுமையின் நாளையும் இடத்தையும் எழுதுதல் வலிமை வாய்ந்தது. ஏனெனில், முன்னையதை அதிகாரி மறுத்துவிடலாம், பின்னையதற்கு அவர் விடை எழுதவேண்டும். தம் இனத்தவரல்லாத மக்களுக்காக ஒருவர் வாதாடினார் என்பதும் அவ்விண்ணப்பத்துக்கு எடையளித்தது.

மூன்றாவது நிகழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அது நமக்கு நெருங்கியது, கசப்பானது. 1944 டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழுவினர் இலங்கை வந்தனர். தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை அவர்கள் முன் வைத்து வாதாடினார். அவர் நாட்டின் தலைசிறந்த வழக்குரைஞருள் ஒருவர். வாதத் திறமையிற் குறை கூற எவராலும் இயலாது. மறுபுறம் டி. எஸ். சேனநாயக்கா தலைமையிலான மந்திரிகள் சபையினரோ ஆணைக்குழுவின் முன் உத்தியோக முறையிற் சாட்சியமளிக்கவே இல்லை. ஆணைக்குழுவின் கடமை வரம்பு விரிவாக்கப்பட்டதை எதிர்த்து விலகி நின்றனர். எனினும் 1945 இல் வெளிவந்த அறிக்கை பெரும்பாலும் மந்திரிகளின் வரைவைத் தழுவியே அமைந்தது. சமபலக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

கோரிக்கையின் நியாயத்தை ஈண்டு ஆராயப் புகுந்தேனல்லேன். அதனைப்பற்றி நம்முள் இன்றும் இருவேறு கருத்துண்டு. ஆனால் ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்கல் தகும். மந்திரிகள் ஐவர் ஜெனிங்ஸின் உதவியுடன் ஒரு முழு அரசியற்றிட்டத்தை வாசகம் வாசகமாக வரைந்து முன்கூட்டியே இலண்டனுக்கு அனுப்பியிருந்தனர். அது 1944 இல் அமர்வுப் பத்திரமாக அச்சிடப்பட்டுமிருந்தது. 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்பதோடு, ஆயிரஞ் சதுர மைலுக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியும் அதில் இருந்தது. சனத்தொகை ஐதான வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு இவ்விதி சில மேலதிக ஆசனங்களை அளித்தது. சிறுபான்மையினரின் முறைப்பாடு வருமென முன்னறிந்து அதற்கொரு விடையை வரைவினுள்ளேயே அவர்கள் பொதிந்து வைத்திருந்தனர் என்பது இதன் பொருள். ஆணைக்குழுவினருக்கு வேண்டியது ஓர் அரசியற்றிட்டம். அது எழுதி முடிக்கப்பட்டு மேசைமீது கிடந்தது. நமது தரப்போ ஒரு கொள்கையை வைத்து வாதாடியது. அக்கொள்கை மறுக்கப்பட்டால் அதற்கு அடுத்த படியாக எதனை ஏற்போம் என்பதற்கு அதற்கிணையான முழு வரைவொன்று மேசையில் இருக்கவில்லை. தனிப்பட்ட செல்வாக்கும் விருந்தோம்பலும் அந்நாளிற் பங்கு கொண்டன என்பர், கொண்டிருக்கலாம். அதனை மட்டுமே காரணமாகச் சொல்லித் திருப்தியடைவதாற் பயனில்லை என்பது என் கருத்து.

நிற்க. இவை பெருந்தலைவர்கள் ஈடுபட்ட பெருங்காரியங்கள். ஊருக்கு ஒரு பஸ் வேண்டி நிற்கும் பெற்றோருக்கு இவற்றால் யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். பயன் நேரானதே. ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நகரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலே ஓர் ஊர். மாலை 5.30 க்கு நகரை விட்டுப் புறப்படவேண்டிய பஸ் சில நாள் வருகின்றது, பல நாள் வருவதில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் பெண்பிள்ளைகள் செய்முறைப் பயிற்சி முடித்து வீடு திரும்ப வேறு வழியில்லை. இரண்டொரு பிள்ளைகள் இக்காரணத்தாலேயே விஞ்ஞானத்தை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டனர். சிறு குறையெனத் தோன்றும் இது, ஒரு பிள்ளையின் வாழ்வையே திசைதிருப்பிவிடும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

ஊரவர் கூடுகின்றனர். விண்ணப்பம் எழுதப்படுகின்றது. நமது வழக்கப்படி அஃது எவ்வாறு அமையும்? “எமது கிராமம் காலங்காலமாகப் புறக்கணிக்கப்பட்டு வருகின்றது” எனத் தொடங்கும். வீதி, குடிநீர், வாசிகசாலை, பஸ் ஆகிய நான்கு குறைகளையும் ஒருங்கே கூறும். “தாங்கள் இதில் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் வேண்டுகின்றோம்” என முடியும். அதன்கீழ் ‘பிரதி’ என எழுதப்பட்டு ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர், ஆளுநர், அரசாங்க அதிபர், நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகாசிரியர் என ஏழு பெயர்கள் வரிசைப்படும். எழுவருக்குச் சென்ற கடிதம் எழுவரில் எவருக்கும் உரியதன்று. ஒவ்வொருவரும் மற்றையவர் கவனிப்பார் என எண்ணுவர். மூன்று மாதங் கழித்து, “தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டது” என விடை வரும். அவ்விடையை நாம் நொந்து பேசுவோம். உண்மையில் அஃது அக்கடிதத்துக்குப் பொருத்தமான விடையே. “தகுந்த நடவடிக்கை” கேட்டோம். கவனத்தில் எடுத்தலும் தகுந்த நடவடிக்கைதானே!

முதலிலே அறியவேண்டியது, முடிவு செய்பவர் யார் என்பது. வராத பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியதாயின் அது எந்தச் சாலையைச் சேர்ந்தது என அறிந்து சாலை முகாமையாளருக்கு எழுதவேண்டும். தனியார் பஸ்ஸாயின், மாகாணத்தினுள் ஓடும் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துதல் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் மாகாணத்துக்குரியதாயிற்று. ஆகவே மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதவேண்டும். வீதியைப் பற்றியதாயினும் இவ்வாறே: சிறுவீதி பிரதேச சபைக்குரியது, நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது, இடைப்பட்டது மாகாணத் திணைக்களத்துக்குரியது. ஒரே சந்தியில் மூன்றும் கூடுவதுண்டு! பாடசாலையிலும் தேசிய பாடசாலை கல்வி அமைச்சையும், ஏனையவை மாகாணத்தையும் சாரும். உரிய கதவைத் தட்டாது பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லையே என ஏங்குவோர் நம்மிற் பலர்.

அடுத்தது ஆதாரம். இங்கேதான் மாணவர்க்கு வேலையுண்டு. ஒரு கொப்பியை எடுத்து, பாடசாலை நடைபெறும் ஒவ்வொரு நாளும் அந்த 5.30 பஸ் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் காத்திருந்தனர் என்று ஒரு மாதம் எழுதிவரவேண்டும். 22 நாட்களில் 9 நாட்கள் மட்டுமே பஸ் வந்தது எனக் கொப்பி கூறுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரி, “அடிக்கடி வருவதில்லை” என்ற நூறு வரிகளுக்கு மேலானது. வந்த நாட்களையும் ஒளியாது எழுதுதல் முக்கியம். ஓர் எண்ணை மிகைப்படுத்தியது கண்டுபிடிக்கப்படின் ஏனைய எண்கள் யாவும் மதிப்பிழக்கும். சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயத்தை இங்கு நினைவு கூரலாம். மக்கள் போராடினர், ஊர்வலஞ் சென்றனர், அவையெல்லாம் வேண்டியனவே. ஆயின் 2015 இல் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை வழக்கிலே நீதியரசர் முன் சென்றவை, கிணற்று நீர்மாதிரிகளின் பரிசோதனை அறிக்கைகளே. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனப் பணித்தது. வழக்கைத் தொடுத்தவர் ஒரு சிங்களச் சுற்றாடலாளர். நூறாண்டுக்கு முன் இராமநாதன் செய்த உதவி வேறொரு வடிவில் நம்மிடம் திரும்பி வந்தது போலும்.

ஊரவர் தாமே திரட்ட முடியாத ஆதாரமும் உண்டு. அந்தப் பஸ்ஸின் அட்டவணை யாது, எத்தனை முறை சேவை இரத்துச் செய்யப்பட்டதாகச் சாலையின் ஏடுகள் கூறுகின்றன என்பன அலுவலகத்தின் உள்ளே இருப்பவை. இவற்றைப் பெறுவதற்கு நம் முன்னோருக்கு இல்லாத ஒரு கருவி நமக்குண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலே நடைமுறைக்கு வந்தது. பிரசை எவரும் பொது அதிகாரசபை எதனிடமும் தகவல் கோரலாம்; ஏன் கேட்கிறாய் என்பதற்குக் காரணங் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால் தகவல் அலுவலர் அதனை எழுத்தில் இடவேண்டும். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுள் முடிவு செய்யவேண்டும். மறுப்பாயின் காரணங் கூறவேண்டும். மறுத்தால் 14 நாட்களுள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடலாம். அங்கும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழில் விடை பெறுதலும் அரசியலமைப்பு நமக்கு அளித்த உரிமையாகும். இச்சட்டத்தைப் பலர் ஊழலை வெளிப்படுத்தும் ஆயுதமாக மட்டுமே எண்ணுகின்றனர். விண்ணப்பத்துக்கு எண்களைத் திரட்டும் அமைதியான வேலைக்கே அது பெரிதும் பயன்படும் என்பேன்.

ஆதாரங் கிடைத்தபின் எழுதவேண்டிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. அது பின்வருமாறு அமையலாம்:

“நகரிலிருந்து எமது ஊருக்கு மாலை 5.30 மணிக்கு அட்டவணைப்படி புறப்படவேண்டிய சேவையை, பாடசாலை நடைபெறும் ஐந்து நாட்களிலும் அடுத்த தவணை முழுவதும் தவறாது நடத்துமாறு வேண்டுகின்றோம். சென்ற மாதத்து 22 பாடசாலை நாட்களில் இச்சேவை 9 நாட்களே நடைபெற்றது. நாள்வாரியான பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. உயர்தர வகுப்பு மாணவியர் இதனை நம்பியுள்ளனர். அவர்களின் எண்ணிக்கையைக் கல்லூரி அதிபர் உறுதிப்படுத்திய கடிதமும் இணைக்கப்பட்டுள்ளது. ஊழியர் பற்றாக்குறையால் ஐந்து நாட்களும் இயலாதெனின், செய்முறைப் பயிற்சி நடைபெறும் செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களிலேனும் உறுதியாக நடத்துமாறு கோருகின்றோம். இது குறித்துத் தங்களை நேரிற் சந்திக்க, தங்களுக்கு வசதியான ஒரு நாளைத் தெரிவிப்பின் மூவர் வருவோம்.”

இக்கடிதத்திலே கோரிக்கை முதல் வாக்கியத்தில் இருக்கின்றது. வீதியும் குடிநீரும் இதனுட் புகவில்லை. அவற்றுக்கு வேறு கடிதம், வேறு அதிகாரி. “இயலாதெனின்” என்ற வாக்கியத்தையே நான் மிகவும் மதிக்கின்றேன். அதிகாரி முழுவதையும் மறுக்கும் வாயிலை அது அடைத்துவிடுகின்றது. இரண்டாம் படியைத் தாமே வகுத்து வைத்திருக்கின்றனர் எனக் காட்டுகின்றது. 1944 இல் மந்திரிகளின் வரைவு செய்ததும் சிறிய அளவில் இதுவே. இரண்டாம் படி கூறுதல் பணிந்துபோதல் என்று சில இளைஞர் எண்ணுவர். பணிதல் வேறு, படியமைத்தல் வேறு. எவ்விடயத்தில் இரண்டாம் படி இல்லையென்று முன்னரே தம்முட் பேசி முடிவு செய்துகொள்வதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. காணாமற் போன தன் மகன் எங்கே என்று கேட்கும் தாய்க்கு எவரும் இரண்டாம் படியை வகுத்துக் கொடுத்தல் ஆகாது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரதேச சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும்; அதன் வரவு செலவுத் திட்டம் முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலே ஆக்கப்படும். ஒரு மதகு வேண்டுமென்று செப்டெம்பரில் எழுதினால் அது திட்டத்தினுள் இடம்பெறலாம். அதே கடிதத்தை ஜனவரியில் எழுதினால், “இவ்வாண்டுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை” என்று விடை வரும், அவ்விடை பொய்யுமன்று. சட்டங்களின் நிலையோ இன்னும் கடுமையானது. சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்து நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் சில நாட்களுக்குள்ளேயே அதனை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அது நிறைவேறிச் சபாநாயகர் சான்றிட்டுவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த இயலாதென அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே நம் வாசிகசாலைகளில் தினசரிகளோடு வர்த்தமானியும் கிடத்தல் வேண்டும். வாசிப்பதற்கு உவர்ப்பானதுதான், ஆயினும், சட்டமான பின் நடத்தும் கண்டனக் கூட்டத்தைவிட, சட்டமாகும் முன் வாசித்த ஒருவர் அதிகம் சாதிப்பார்.

நேரிற் காணச் செல்வதைப் பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. மூவர் போதும், முப்பதின்மர் சென்றால் அதிகாரி காவலரை அழைப்பார், அல்லது எதற்கும் தலையசைத்து அனுப்பிவிடுவார். மூவருள் ஒருவர் பேசுக, ஒருவர் எழுதுக, ஒருவர் பாதிக்கப்பட்டவராய் இருக்க. அந்த மாணவியே தன் வாயால் இரண்டு நிமிடம் கூறுவது, ஓய்வுபெற்ற பெரியவர் இருபது நிமிடம் கூறுவதிலும் நெஞ்சிற் பதியும். அறியாதது கேட்கப்பட்டால், “இப்போது கைவசம் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகின்றோம்” எனக் கூறி அவ்வாறே அனுப்பவேண்டும். வீடு திரும்பிய அன்றே, “தாங்கள் எம்மிடம் கூறியவை இவை” என ஒரு சிறு கடிதம் எழுதுதல் மறக்கலாகாது. நமது நாட்டிலே அதிகாரிகள் இடமாற்றம் பெற்றுப் போவர். இன்முகங் காட்டிய முகாமையாளர் அடுத்த மாதம் வேறு மாவட்டத்தில் இருப்பார். அவர் வாக்குறுதி அவரோடு போய்விடும். கோவையில் இருக்குங் கடிதம் போகாது. புதியவர் கோவையைத் திறக்கும்போது அது அங்கே இருக்கும்.

சாலையில் முடியாவிடின் மேலிடம் உண்டு. பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்பன கூடுகின்றன. ஆனால் அங்கே திடீரென எழுந்து கூறும் குறை கூச்சலில் அமிழ்ந்துவிடும். கூட்டத்துக்கு முன்னரே பிரதேச செயலாளருக்கு எழுதி நிகழ்ச்சிநிரலில் ஓர் இலக்கம் பெற்றுக்கொள்ளல் நன்று. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் பொதுமனு சமர்ப்பித்தால் அது பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குச் செல்லும். நிருவாக அநீதியாயின் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஒம்புட்ஸ்மன் அலுவலகம் அதனை விசாரிக்க இடமுண்டு. ஈண்டு ஓர் எச்சரிக்கை: அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் ஒன்றைப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என எண்ணுவோர் உளர். சிபாரிசால் வந்த பஸ் அடுத்த தேர்தலோடு நின்றுவிடுவதுண்டு. ஆதாரத்தால் வந்த பஸ்ஸை நிறுத்துவதற்கு எதிர் ஆதாரங் காட்டவேண்டும்.

இனி, இவற்றை எங்கே பயில்வது? கல்லூரியிலேயே பயிலலாம் என்பது என் துணிபு. அதற்குப் புதிய பாடமும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். விவாத அரங்குகளில் “கிராம வாழ்வா நகர வாழ்வா சிறந்தது” என வாதிடுவதை நான் இகழவில்லை. நாத்திருத்தத்துக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் தவணைக்கு ஒருமுறை விவாதத்துக்குப் பதிலாக ஒரு விசாரணை அமர்வை நடத்திப் பார்க்கலாம். பொருள் உண்மையானதாய் இருக்கவேண்டும்: கல்லூரி வாசலில் மழைநீர் தேங்குதல், சந்தியிற் கடவைக்கோடு அழிந்திருத்தல், விடுதிக் கிணற்று நீரின் தரம் போன்றவை. மேசையின் ஒரு பக்கத்தில் மாணவர் மூவர். மறுபக்கத்தில் பழைய மாணவர் மூவர். நமது சங்கத்திலே ஓய்வுபெற்ற அரசாங்க அதிபர்களும், பொறியியலாளர்களும், கணக்காளர்களும், கல்விப் பணிப்பாளர்களும் நிறைய உளர். ஒரு விண்ணப்பம் எவ்வாறு வாசிக்கப்படுகின்றது, எவ்வாறு தட்டிக் கழிக்கப்படுகின்றது என்பதை அவர்களிலும் நன்கறிந்தார் யார்? தட்டிக் கழிக்கும் கலையிற் கைதேர்ந்த ஒருவரே இங்கு சிறந்த ஆசானாவார்! “நிதி இல்லை”, “இது எமது பகுதிக்குரியதன்று”, “சுற்றுநிருபம் இடந்தரவில்லை” என்று அவர் கூறட்டும். எந்தச் சுற்றுநிருபம், அதன் இலக்கம் யாது, பிரதி பெறலாமா என மாணவன் பணிவோடு கேட்கப் பழகட்டும். சினமின்றி இரண்டாம் வினாவைத் தொடுத்தலே இப்பயிற்சியின் அரிய பகுதி. அதனை நூல் வாயிலாகக் கற்றல் இயலாது.

அமர்வு முடிந்தபின் அந்த விண்ணப்பத்தை உண்மையாகவே உரிய அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிடின் இதுவும் ஒரு நாடகமாய் முடியும். அனுப்பிய கடிதத்தின் பிரதி, வந்த விடை, மாணவர் திரட்டிய எண்கள் யாவற்றையும் ஒரு கோவையிலிட்டுக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் வேண்டும். வென்றதையும் தோற்றதையும் ஒருங்கே வைக்கவேண்டும். தோற்ற கோவையிலேயே பிந்தியோர் கற்கத்தக்கன மிகுதியாயிருக்கும். சங்கத்தின் செயற்குழு இவ்விழா ஆண்டிலே அதற்கென நூலகத்தில் ஒரு தட்டை ஒதுக்குமாயின், முதற் கோவையாக வைப்பதற்குக் கல்லூரி வாசலின் வெள்ள வாய்க்காலே காத்திருக்கின்றது. அவ்வாய்க்கால் பிரதேச சபைக்குரியதா, மாநகர சபைக்குரியதா, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியதா என்பதை முதல் தவணை மாணவர் கண்டுபிடித்து எழுதுவார்களாக.